வன்னியில் வீட்டுக்கு ஜெனரேற்றர்: மெஷினைக் கடைசியில் வாங்குங்கள்

மாரி தொடங்கி முதல் காற்று அடித்தவுடன் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைகளில் ஜெனரேற்றர் விலை கேட்டு ஆக்கள் நிற்பார்கள். முதலில் மெஷினை வாங்கி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வருவார்கள். எங்கே வைப்பது என்று அதற்குப் பிறகு யோசிப்பார்கள். எப்படி இணைப்பது என்ற கேள்வி இருட்டிய பிறகுதான் வரும். அந்த அவசரத்தில் நடப்பவைதான் உயிரைக் கொண்டுபோகின்றன. இந்த வழிகாட்டியில் வரிசை நேர்மாறு: கணக்கு, எரிபொருள், இடம், வயரிங், அதன் பிறகுதான் கடை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு கொப்பி, வீட்டு மின்மானியைப் பார்க்க ஒரு நிமிடம் காட்டும் கடிகாரம், ஒரு சாதாரண மல்ரிமீற்றர், வயரிங் வேலை முறையாகத் தெரிந்த எலெக்ட்ரீசியன் ஒருவருடைய ஒரு மத்தியான நேரம்.

1. ஜெனரேற்றர்தானா வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

உங்கள் பகுதியில் கரண்ட் போனால் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் வந்துவிடுகிறது, உங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் ஒரு ஃபானும் ஃபோன் சார்ஜும் மட்டும் என்றால் ஜெனரேற்றர் தேவையில்லை. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பற்றரியும், அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு இன்வேட்டரும் காணும். அந்தப் பற்றரியில் சுமார் 1,200 வொட்-மணி இருக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் பழுதாகும். ஆகவே 600 வொட்-மணியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 150 வொட் பாவனைக்கு, இன்வேட்டரில் போகும் இழப்பையும் கழித்தால், மூன்றரை மணித்தியாலம் ஓடும். சத்தம், புகை, எண்ணெய்ச் செலவு ஒன்றும் இல்லை.

ஒரு நாளைக்கு மேல் கரண்ட் இல்லாமல் போகும் இடங்களுக்குத்தான் ஜெனரேற்றர் பொருந்தும். காட்டோரத்தால் வரும் லைன்களில் மரம் விழுந்தால் திருத்த நாள் எடுக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்து வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீன் வைக்கும் டீப் ஃபிரீசர் உள்ள வீடு, இன்சுலின் பிரிட்ஜில் இருக்கும் வீடு, சின்னக் கடை நடத்தும் வீடு ஆகியவையும் இதில் சேரும்.

வீட்டில் ஒட்சிசன் மெஷினில் ஒருவர் இருந்தால் ஜெனரேற்றரோடு பற்றரியும் கட்டாயம் வேண்டும். கரண்ட் நின்றதிலிருந்து மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வரையான நிமிடங்களைப் பற்றரிதான் தாங்கும்.

கூரையில் சோலர் போட்டவர்கள் பலர் கரண்ட் போனாலும் பகலில் சமாளிக்கலாம் என்று நம்புகிறார்கள். பொது மின்சார லைனோடு இணைத்த, பற்றரி இல்லாத சோலர், லைன் செத்தவுடன் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே வெயில் எறித்தாலும் வீடு இருட்டுத்தான்.

2. ஒரே நேரத்தில் ஓட வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள்

"வீடு முழுக்க ஓட வேணும்" என்று கடையில் சொல்பவருக்குப் பெரிய மெஷின்தான் கிடைக்கும். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் எழுதாதீர்கள். இரவு எட்டு மணிக்குக் கரண்ட் இல்லாமல் இருக்கும்போது ஒன்றாக ஓட வேண்டியவை எவை என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு சாதாரண வீட்டுக் கணக்கு இது: 9 வொட் எல்ஈடி பல்ப் 6 என்றால் 54 வொட். ஃபான் 2, தலா 60 வீதம் 120. பிரிட்ஜ் 150. ரிவி 60. ஃபோன் சார்ஜரும் ரவுட்டரும் 40. மொத்தம் 424 வொட். பலருக்கு இந்தத் தொகையை நம்ப முடிவதில்லை. அரை கிலோவொட் கூட வரவில்லை.

அயன்பொக்ஸ், மின்சாரக் கேத்தில், ரைஸ் குக்கர் மூன்றையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சூடாக்கும் பொருள் ஒவ்வொன்றும் 700 முதல் 2,000 வொட் வரை இழுக்கும். வெந்நீரை அடுப்பில் வைக்கலாம், ஒரு மாரி நாள் சட்டை கசங்கியே இருக்கலாம். அந்த மூன்றுக்காக இரண்டு மடங்கு மெஷின் வாங்கினால் வருடம் முழுக்க எண்ணெயில் இழப்பீர்கள்.

பொருளின் பின்பக்கத் தகட்டில் வொட் அழிந்துபோயிருந்தால் உங்கள் மின்மானியே சொல்லும். டிஜிட்டல் மின்மானியில் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னும். பக்கத்தில் ஒரு கிலோவொட்-மணிக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும். 1,600 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பிரிட்ஜை மட்டும் ஓட விட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 4 மின்னல் வந்தால், 4 × 60 ÷ 1,600 = 0.15 கிலோவொட். அதாவது 150 வொட். பிரிட்ஜின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போது எண்ணுங்கள். மோட்டார் ஓய்ந்திருக்கும்போது எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

3. தொடக்க இழுவையைச் சேருங்கள்

மோட்டார் உள்ள எதுவும் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 150 வொட்டில் ஓடும் பழைய வகைப் பிரிட்ஜ் ஒன்று தொடங்கும்போது 900 வொட் வரை கேட்கும். மோட்டார் மெதுவாக வேகம் எடுக்கும் இன்வேட்டர் வகைப் பிரிட்ஜில் இது மிகக் குறைவு. வீட்டில் எந்த வகை என்று கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள்.

எல்லா மோட்டார்களும் ஒரே விநாடியில் தொடங்கப் போவதில்லை. அதனால் தொடக்க இழுவையில் மிகப் பெரியதை மட்டும் கூட்டினால் போதும். மேலே உள்ள வீட்டில் 424-உடன் பிரிட்ஜின் மேலதிகமான 750-ஐச் சேர்த்தால் 1,174 வொட். அதற்கு மேல் கால்வாசி இடைவெளி விட்டால் 1,468. தொடர்ந்து 1.5 முதல் 2 கிலோவொட் வரை தரும் மெஷின் இந்த வீட்டுக்குத் தாராளம்.

இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. வன்னி வெக்கையில் இயந்திரம் தகட்டில் உள்ள முழு வலுவையும் தராது. முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடும் இயந்திரம் சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஆனால் கால்வாசி போதும். "பெரிசா எடுத்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை, அண்ணை" என்று கடைக்காரத் தம்பி சொல்வதைக் கேட்டு மூன்று மடங்கு போகாதீர்கள். பெரிய இயந்திரம் சும்மா சுற்றுவதற்கே எண்ணெய் குடிக்கும். டீசல் என்றால் இன்னும் மோசம்: 30 வீதத்துக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் முழுதாக எரியாமல் சைலன்சருக்குள் கரியும் பிசினும் படியும்.

4. தண்ணீர் மோட்டாரைப் பற்றித் தனியாக முடிவெடுங்கள்

வன்னியில் ஜெனரேற்றரின் அளவைத் தீர்மானிப்பது பிரிட்ஜும் ரிவியும் அல்ல, கிணற்று மோட்டார்தான். மற்ற எல்லாவற்றையும்விட இதில் கூட நேரம் செலவழியுங்கள்.

1 குதிரைவலு மோட்டார் என்றால் தண்டில் 746 வொட் வேலை தரும். அதற்காக லைனிலிருந்து சுமார் 1,000 வொட் எடுக்கும். தொடங்கும்போது அதன் மூன்று மடங்கையாவது கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மோட்டாரை அதே வீட்டுப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்: 424 + 1,000 + தொடக்கத்துக்கு 2,000 = 3,424. இடைவெளியோடு 4,280 வொட். 2 கிலோவொட்டில் முடிந்த வீடு 4.5, 5 கிலோவொட்டுக்குப் போய்விட்டது. குழாய்க்கிணற்றுக்குள் இறக்கிய ஒன்றரைக் குதிரைவலு மோட்டார் என்றால் இன்னும் மேலே.

இப்போது வளவைச் சுற்றிப் பாருங்கள். மிளகாய், வெங்காயம், வயல் என்று செய்யும் வீட்டில் பெரும்பாலும் எண்ணெயில் ஓடும் இரண்டு அங்குல வாட்டர் பம்ப் ஒன்று கொட்டிலில் இருக்கும். திறந்த கிணறு என்றால் அதைக்கொண்டே தண்ணீர்த் தாங்கியை நிரப்பலாம். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பச் சில நிமிடங்கள்தான். தாங்கிக்குப் போகும் குழாயில் வால்வோடு ஒரு தனி வாய் வைத்து, பம்பின் ஹோஸைப் பூட்டும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது. கொஞ்சக் காசுக்கு வாங்கும் குழாய்ச் சாமான், மெஷின் விலையில் பாதியைக் குறைக்கும்.

குழாய்க்கிணறு ஆழம் என்றால் இந்த வழி சரிவராது. மேலே நிற்கும் பம்ப் ஏழு, எட்டு மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. அப்படியானால் இரண்டு தெரிவு: பெரிய மெஷின், அல்லது மோட்டாரை ஓட்டும்போது பிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்தும் ஒழுங்கு. இரண்டாவதில் மெஷின் அளவு கொஞ்சம் இறங்கும், ஆனால் வீட்டில் எல்லோரும் அந்த ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டும்.

காணாத மெஷினில் மோட்டாரைப் போட்டால் அது சுழலாமல் முனகும். உடனே நிறுத்த வேண்டும். சுழலாத மோட்டார் தொடக்க மின்சாரத்தையே விடாமல் இழுக்கும். சில நிமிடத்தில் சுருள் எரிந்த மணம் வரும்.

5. எந்த எண்ணெய் என்று தீர்மானியுங்கள்

2, 3 கிலோவொட் வரை பெற்றோல்தான் நடைமுறை. இலேசானது, விலை குறைவு, இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது சுகம். 5 கிலோவொட்டும் அதற்கு மேலும், தினமும் பல மணித்தியாலம் ஓடும் என்றால் டீசலை யோசியுங்கள். ஒரு கிலோவொட்-மணிக்குப் பெற்றோல் ஏறக்குறைய அரை லீற்றர் போகும் இடத்தில் டீசல் மூன்றில் ஒரு பங்கு லீற்றர் அளவில் போகும். உழவு இயந்திரம் வைத்திருக்கும் வீட்டில் டீசல் எப்படியும் இருக்கும் என்பதும் ஒரு காரணம். பதிலுக்கு டீசல் மெஷின் பாரம், சத்தம், விலை மூன்றிலும் கூட.

நாள் முழுக்க ஓட்டக் கணக்குப் போடாதீர்கள். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். நிறைந்த டீப் ஃபிரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். காலையில் இரண்டு, இரவில் மூன்று மணித்தியாலம் ஓட்டினால் 2 கிலோவொட் பெற்றோல் மெஷினுக்கு நான்கு, ஐந்து லீற்றர் போகும். இந்தத் தொகையை வைத்து மூன்று நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

2022 நெருக்கடியில் பெற்றோல் செட்டுகளில் கானுக்கு எண்ணெய் அடிக்க மறுத்ததும், பிறகு கியூஆர் பங்கீடு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் இல்லாத ஜெனரேற்றர் வெறும் இரும்பு. ஒரு மூன்று நாள் எண்ணெயை முறையான மூடியுள்ள கானில், வீட்டுக்கு வெளியே, நிழலில், அடுப்படியிலிருந்து தள்ளி வைத்திருங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தண்ணீர் என்று எடுத்துக் குடிக்க ஒரு நொடி காணும். பெற்றோலை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காமல் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

6. இடத்தைச் செய்து முடியுங்கள்

மெஷின் வருமுன்னரே அது நிற்கும் இடம் கட்டி முடிந்திருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் மழை அடிக்கும் இரவில் அதை விறாந்தைக்கோ குசினிக்கோ தூக்கி வந்துவிடுவார்கள். இதில்தான் ஆக்கள் சாகிறார்கள்.

ஜெனரேற்றர் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டும் இடத்தில் அது 200 மடங்குக்கும் கூடிய பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. யன்னலைத் திறந்து வைத்தேன், கதவைத் திறந்து வைத்தேன் என்பது பாதுகாப்பு அல்ல. ஓடும்போது வீட்டில் யாருக்காவது தலையிடித்தால் முதலில் எல்லோரையும் வெளியே எடுங்கள். மெஷினை நிறுத்துவது அடுத்தது.

வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி வையுங்கள். எங்கள் வளவுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. திசையையும் பாருங்கள். நீண்ட மின்வெட்டு வருவது பெரும்பாலும் மாரியில், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும் காலத்தில். எனவே வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில் வைத்து, சைலன்சர் வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் புகை வெளியே போகும். கோடையில் சோளகம் மாறி அடிக்கும்போது அந்தப் பக்கத்து யன்னல்களைப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டு யன்னல் எங்கே இருக்கிறது என்பதும் உங்கள் பொறுப்புத்தான்.

கீழே சீமெந்துத் திட்டு ஒன்று கட்டுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது உங்கள் வளவில் தண்ணீர் எதுவரை நின்றது? சுவரில் அடையாளம் இருக்கும், அல்லது வீட்டில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஒரு அடி மேலே திட்டின் மட்டம். வெள்ளம் வரும் நாளும் கரண்ட் போகும் நாளும் ஒன்றுதான்.

மேலே தகரக் கூரை, பக்கங்கள் திறப்பு. சாரல் அடிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் மறைக்கலாம். தறப்பாளால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டுவது கூடாது. இயந்திரம் தன் சூட்டையே திரும்ப இழுத்து அடைபடும், சைலன்சர் பட்டால் தறப்பாள் தீப்பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அங்கே கம்பிச் சட்டத்துக்கு வருடம் ஒருமுறை பெயின்ற் அடிக்க வேண்டும்.

7. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் மெஷின் வாங்காதீர்கள்

இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேற்றரிலும் மறுமுனையைச் சுவரில் உள்ள பிளக் பொயின்ற்றிலும் குத்தி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது எங்கள் ஊர்களில் நடக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்தினால் சரி என்கிறார்கள். ஒரு நாள் மறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

உங்கள் 230 வோல்ட் சேவை வயர் வழியாக வெளியே போய் ட்ரான்ஸ்ஃபோமரை அடையும். வழமையாக 33,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே ட்ரான்ஸ்ஃபோமர் எதிர்த்திசையில் வேலை செய்து உங்கள் மின்சாரத்தை உயர்த்தும். லைன் செத்துவிட்டது என்று நம்பி, மழையில் நனைந்தபடி, முறிந்த கொப்பை அகற்றக் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதரின் கைக்கு அது போகும். அவர் உங்கள் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவர ஏறியவர். அந்த இரட்டைப் பிளக் வயரின் கழன்ற முனையைப் பிடித்த பிள்ளைக்கும் அதே கதிதான். கரண்ட் திரும்பி வந்தால் மெஷினும் எரியும்.

தேவையானது நடுவில் நிறுத்தும் நிலை உள்ள, இருமுனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் லைன், மறுபக்கம் ஜெனரேற்றர், நடுவில் இரண்டும் இல்லை. பேஸ் வயரோடு நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதற்குத்தான் இருமுனை. 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு 40 அம்பியர் சுவிட்ச் போதும். மூன்று பேஸ் இணைப்பு என்றால் நாலுமுனை.

மெஷினிலிருந்து வரும் வயர் 2 கிலோவொட்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், 5 கிலோவொட்டுக்கு 4 அல்லது 6. நிலத்துக்குக் கீழே குழாய்க்குள் கொண்டுவாருங்கள். எலியும் மண்வெட்டியும் எங்கள் வளவுகளில் ஓய்வதில்லை.

எலெக்ட்ரீசியனிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று, ஷொக் அடித்தால் மின்சாரத்தைத் தானாக வெட்டும் ட்ரிப் சுவிட்ச் பற்றியது. பெரும்பாலான சிறிய ஜெனரேற்றர்களில் நியூட்ரல் எர்த்தோடு தொடுக்கப்படாமல் தனித்து இருக்கும். அப்படியே இணைத்தால், ஒருவருக்கு ஷொக் அடித்தாலும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். மெஷின் பக்கத்தில் நியூட்ரலை எர்த் கம்பியோடு தொடுத்து, எர்த் கம்பியை ஈரமான மண்ணில் இறக்க வேண்டும். இன்வேட்டர் வகை மெஷின் என்றால் அதன் கைநூல் சொல்வதைப் பார்த்தே இதைச் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கி அது விழுந்தால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொத்தான் சுவிட்சுக்கு உள்ளேயே சுற்றை முடிக்கிறது, எர்த் சரியா என்று அது சொல்லாது.

கூரைச் சோலர் இருந்தால் அதன் இன்வேட்டர் சேஞ்ச் ஓவரின் லைன் பக்கம் இருக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இருந்தால் ஜெனரேற்றரை லைன் என்று எண்ணி அதற்குள் மின்சாரத்தைத் தள்ளி மெஷினைக் கெடுக்கும்.

8. இப்போது கடைக்குப் போங்கள்

தகட்டில் இரண்டு இலக்கம் இருக்கும்: தொடர்ந்து தரும் வலு, உச்ச வலு. உச்ச வலு சில விநாடிக்குத்தான். உங்கள் கணக்கைத் தொடர் வலுவோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் 3500, 6500 போன்றவை மொடல் இலக்கமாகவும் இருக்கலாம்.

தகட்டை நம்ப முடியாவிட்டால் இயந்திரத்தின் கொள்ளளவைப் பாருங்கள். ஒரு கிலோவொட் மின்சாரத்துக்குச் சுமார் இரண்டரைக் குதிரைவலு இயந்திரம் வேண்டும். 200 சிசி அளவு பெற்றோல் இயந்திரம் ஆறரை, ஏழு குதிரைவலு. அதிலிருந்து இரண்டரை கிலோவொட் சொச்சம் வரும். 5 கிலோவொட்டுக்கு 390, 420 சிசி வேண்டும். 200 சிசி இயந்திரத்தில் 5 கிலோவொட் என்று எழுதியிருந்தால் கடையை மாற்றுங்கள்.

கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று காட்டும் 950 என்ற இரண்டு ஸ்ரோக் சின்ன மெஷின் 650 வொட் அளவுதான் தொடர்ந்து தரும். பெற்றோலில் ஒயில் கலந்து ஊற்ற வேண்டும். பல்புக்கும் ஃபானுக்கும் சரி. பிரிட்ஜுக்கு அல்ல.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மெஷின் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். தகட்டில் 230 வோல்ட், 50 ஹேட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் இருக்க வேண்டும். கணினி, புதிய வகை ரிவி கூடுதலாக உள்ள வீட்டுக்கு இன்வேட்டர் வகை ஜெனரேற்றர் இன்னும் நல்லது. சத்தமும் குறைவு, சுமைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து எண்ணெயையும் மிச்சம் பிடிக்கும். விலையும் திருத்தச் செலவும் கூட.

யார் திருத்துவார் என்பதையும் யோசியுங்கள். ஹொண்டாவின் ஜிஎக்ஸ் 200 அமைப்பில் வரும் இயந்திரங்கள்தான் வாட்டர் பம்புகளிலும் பரவலாக இருக்கின்றன. ஜெனரேற்றரும் அதே அமைப்பு என்றால் விசுவமடுவிலோ மல்லாவியிலோ பம்ப் திருத்துபவரே காபரேற்றரைக் கழற்றிப் பூட்டுவார். தெரியாத அமைப்பு என்றால் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்குக் கொழும்பு வரை தேட வேண்டி வரும்.

வீட்டில் யார் இழுக்கப் போகிறார்கள்? அம்மா தனியே இருக்கும் வீடு என்றால் அவரையே கூட்டிப்போய் கடையில் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 400 சிசி இயந்திரத்தின் கயிறு எல்லாருடைய கைக்கும் வராது. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணும் மெஷினில் கயிறும் இருக்க வேண்டும், ஏனென்றால் சும்மா கிடக்கும் பற்றரி இறங்கிவிடும்.

காசு கொடுக்குமுன் சுமை போட்டுப் பாருங்கள். 2 கிலோவொட் மெஷினுக்கு இரண்டு அயன்பொக்ஸ் காணும். வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், மல்ரிமீற்றரையும் கொண்டுபோங்கள். சுமை இல்லாமல் அளந்து, பிறகு இரண்டையும் போட்டு அளந்து பாருங்கள். இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு அனுமதித்த எல்லை 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை. சுமை போட்டதும் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து திரும்ப நிமிர வேண்டும். பத்து நிமிடம் அப்படியே ஓட விடுங்கள். அயன் சூடேறித் தானாக நின்று நின்று வரும். அதன் விளக்கு எரியும்போது மட்டும் அளவு எடுங்கள். 200-க்குக் கீழே விழும் மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். சோதிக்க விடாத கடையில் வாங்கத் தேவையில்லை.

9. முதல் ஓட்டம்

புதிய மெஷின் பெரும்பாலும் இஞ்சின் ஒயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். புதியவர்கள் அதிகம் கெடுப்பது இங்கேதான்: பெற்றோலை ஊற்றி இழுக்கிறார்கள். நல்ல மெஷின் ஒயில் இல்லை என்று தெரிந்து ஸ்டார்ட் ஆகாது. மற்றவை ஸ்டார்ட் ஆகி, சில நிமிடத்தில் இறுகிவிடும். 200 சிசிக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர், 390 சிசிக்கு 1.1 லீற்றர். மட்டமான தரையில் வைத்து அளவுக்கம்பியால் பாருங்கள்.

சுமை எதுவும் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணி மூன்று, நான்கு நிமிடம் சூடாக விடுங்கள். வோல்டேஜை அளந்த பிறகுதான் சேஞ்ச் ஓவரைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் வீட்டில் எல்லா சுவிட்சும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பெரிய இழுவை உள்ளது முதலில்: பிரிட்ஜ், பிறகு ஃபான், பிறகு பல்ப், கடைசியில் ரிவி. மெஷின் வெறுமையாக இருக்கும்போது தொடக்க இழுவையை எளிதாகத் தாங்கும். பிரிட்ஜ் நின்று ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இறங்குமுன் திரும்பத் தொடங்கினால் கொம்பிரசர் திணறும்.

நிறுத்தும்போது நேர்மாறு: சுமைகளை எடுத்து, இரண்டு நிமிடம் வெறுமையாக ஓட விட்டு, நிறுத்துங்கள். சுமையோடு எண்ணெய் முடியும்வரை ஓட விடாதீர்கள். கடைசி நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கி ரிவியையும் பிரிட்ஜின் போர்ட்டையும் கெடுக்கும். எண்ணெய் ஊற்றுவது, நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆறிய பிறகு. சூடான சைலன்சரில் ஒரு துளி பெற்றோல் விழுந்தால் காணும். இருட்டில் விளக்கு, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு ஊற்றுவது வேண்டவே வேண்டாம், டோர்ச் பிடியுங்கள்.

10. சும்மா கிடக்கும் மாதங்கள்

முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றுங்கள்; புதிய இயந்திரத்தின் இரும்புத் தூள் அதில் வந்துவிடும். பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கோடையில் செம்மண் புழுதி பறக்கும் இடத்தில் காற்று வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

பாவித்து முடிந்து வைக்கும்போது எண்ணெய் வால்வை மூடி, சுமை இல்லாமல் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். காபரேற்றருக்குள் மிஞ்சும் பெற்றோல் காய்ந்து பிசினாகி நுண்துளையை அடைக்கும். தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாத மெஷின்களில் பெரும்பாலானவற்றின் வருத்தம் அதுதான்.

மாதம் ஒருமுறை பிரிட்ஜைப் போட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். இழுக்குமுன் சைலன்சர் வாயைப் பாருங்கள். குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருக்கும், ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வயர்களில் எலிப்பல் பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் வீட்டில் வேறு ஒருவர் ஓட்டட்டும். படிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒயில், பிளக், கான் எண்ணெய் மூன்றையும் புதிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.